ஒரே ஓர் எழுத்து, 35 டாலர்: இந்தக் கணக்கு வீட்டுக்கா, கடைக்கா?

அமெரிக்காவில் படிக்கும் உங்கள் தம்பியோ தங்கையோ, வங்கிக் கணக்கில் 20 டாலர் இருக்கும்போது டெபிட் கார்டைத் தேய்த்து 24 டாலருக்கு மளிகை வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கடையில் உள்ள மெஷின் கார்டை மறுத்துவிடும். அல்லது வங்கி மீதி 4 டாலரைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, பிறகு அதற்குக் கட்டணமாக 35 டாலர் பிடிக்கும். பெரிய வங்கிகள் பலவற்றில் பல ஆண்டுகளாக இந்த 35 டாலர்தான் வழக்கமான தொகை.

இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்று மேனேஜர் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அந்தக் கணக்கின் ரெக்கார்டில் உள்ள இரண்டு பீல்டுகள் அதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பீல்டிலும் இருப்பது ஒரே ஓர் எழுத்து.

அமெரிக்க வங்கி ஒன்றின் பழைய கணக்கு சாப்ட்வேரிலிருந்து புதிய சாப்ட்வேருக்கு டேட்டாவை மாற்றும் வேலை எங்கள் சென்னை அலுவலகத்திற்கு வந்தது. அதில் இந்த இரண்டு பீல்டுகளும் என் பங்கு. வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. கேட்க எளிதாக இருக்கும் ஒரு கேள்வி டேட்டாபேஸில் எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேட்காமல் கொடுத்த கடன்

கணக்கில் இல்லாத பணத்தை வங்கி கொடுப்பதுதான் ஓவர்டிராப்ட். நம் ஊரில் ஓ.டி. என்றால் வியாபாரிகள் மனுப் போட்டு, ஈடு காட்டி வாங்குகிற வசதி. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2010-க்கு முன்பு பல வங்கிகள் சாதாரண செக்கிங் அக்கவுண்ட் வைத்திருந்தவர்களைக் கேட்காமலேயே இந்த வசதியில் சேர்த்துவிட்டன. 5 டாலர் காபிக்கு 35 டாலர் கட்டணம் கட்டிய பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரிந்தது.

2009 நவம்பரில் பெடரல் ரிசர்வ் இதற்கு ஒரு விதி கொண்டு வந்தது. மின்னணுப் பணப் பரிமாற்றத்திற்கான ரெகுலேஷன் ஈ என்ற விதித் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, டெபிட் கார்டில் ஒரு முறை பொருள் வாங்குவது ஆகிய இரண்டுக்கும், வாடிக்கையாளர் முன்கூட்டியே தெளிவாகச் சம்மதம் தராமல் ஓவர்டிராப்ட் கட்டணம் பிடிக்கக் கூடாது. இந்தச் சம்மதத்திற்குத்தான் ஆப்ட்-இன் என்று பெயர். புதிய கணக்குகளுக்கு 2010 ஜூலை 1 முதலும், ஏற்கெனவே இருந்த கணக்குகளுக்கு ஆகஸ்ட் 15 முதலும் இது கட்டாயமானது. 2011 முதல் இந்த விதித் தொகுப்பு சி.எப்.பி.பி. எனப்படும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

செக் எழுதிக் கொடுத்துப் பணம் போதாமல் போனாலோ, மாதா மாதம் தானாகக் கழியும் கட்டணத்திற்குப் பணம் இல்லாமல் போனாலோ இந்த விதி பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சம்மதம் இல்லாமல் வங்கி பணத்தைக் கொடுப்பது தவறில்லை. கொடுத்துவிட்டுக் கட்டணம் பிடிப்பதுதான் தவறு. இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

இவ்வளவும் யாருக்கு? நுகர்வோர் கணக்குக்கு மட்டும். வியாபாரக் கணக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே புரோகிராம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணக்கு நுகர்வோருடையதா, வியாபாரத்துடையதா என்பதுதான். அடுத்துத்தான் சம்மதம் இருக்கிறதா என்ற கேள்வி வரும். முதல் பீல்டில் எழுத்து மாறிவிட்டால் இரண்டாவது பீல்டை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சட்டம் சொல்வது, டேட்டாபேஸ் அறிவது

கணக்குக்குரியவர் நிஜமான ஒரு மனிதராக இருக்க வேண்டும். கணக்கு முதன்மையாகத் தனிப்பட்ட, குடும்ப அல்லது வீட்டுத் தேவைக்காகத் தொடங்கப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தின் இலக்கணம் இதுதான். இதில் முதல் பாதி பரவாயில்லை. கம்பெனி, சர்ச், குடியிருப்போர் சங்கம் போன்றவை மனிதர்கள் அல்ல, எனவே வெளியே. சிக்கல் இரண்டாம் பாதியில்தான். ஒருவர் என்ன நோக்கத்தோடு கணக்கைத் தொடங்கினார் என்பதற்கு 1980-களில் எழுதப்பட்ட கோபால் புரோகிராமில் பீல்டு ஏது?

பீல்டு இல்லை என்றால் நாம் என்ன செய்வோம்? இருக்கிற பீல்டுகளை வைத்து ஊகிப்போம். முதலில் எல்லோரும் கை வைப்பது புராடக்ட் கோடில். இன்ன கோடு என்றால் வீட்டுக் கணக்கு, இன்ன கோடு என்றால் வியாபாரக் கணக்கு. ஒரே வரியில் கண்டிஷன் எழுதி வீட்டுக்குப் போய்விடலாம் போலத் தோன்றும்.

ஆனால் அமெரிக்காவில் 2011 ஜூலை 21 வரை ஒரு பழைய தடை இருந்தது. வியாபார நிறுவனங்களின் நடப்புக் கணக்குக்கு வங்கிகள் வட்டி தரக் கூடாது. தனி மனிதர்களுக்கு நவ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. செக்கும் எழுதலாம், வட்டியும் வரும். சொந்தப் பெயரில் தொழில் செய்யும் பிளம்பர், தையல்காரர் போன்ற தனி உரிமையாளர்கள் தொழில் பணத்திற்கும் நவ் அக்கவுண்ட் தொடங்கலாம் என்று விதியே அனுமதித்தது. வட்டி கிடைக்கும்போது யார் விடுவார்கள்? ஆக, வீட்டுக் கணக்கு என்று நாம் நினைக்கும் கோடுக்குள் முழுக்க முழுக்கத் தொழில் கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. அவர் மனிதர்தான், ஆனால் கணக்கு தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது. சட்டப்படி அது நுகர்வோர் கணக்கு அல்ல.

சரி, வரி எண்ணைப் பார்க்கலாம் என்றார் எங்கள் டீம் லீட். தனி மனிதருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண், தொழில் நடத்துபவருக்கு ஈ.ஐ.என். எனப்படும் வரி எண். இரண்டிலும் 9 இலக்கம். முன்னது 3, 2, 4 என்று இடையில் கோடு போட்டு எழுதப்படும். பின்னது 2, 7 என்று பிரியும். பழைய சிஸ்டம் இடம் மிச்சம் பிடிக்க அந்தக் கோடுகளை நீக்கிவிட்டு வெறும் 9 இலக்கமாகச் சேமித்திருந்தது. எந்த வகை எண் என்று சொல்லும் இன்னொரு பீல்டு இருந்தது, ஆனால் பல ரெக்கார்டுகளில் காலி. நம்மூர்க்காரர்கள் பலரிடம் இருக்கும் ஐ.டி.ஐ.என். எண்ணும் 9 இலக்கம்தான். சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாத குடும்பத்தினர் வரி கட்டுவதற்காக வாங்குவது அது. 9-ல் தொடங்குவதால் அதையாவது ஓரளவு அடையாளம் காணலாம்.

எண் வகை சரியாகப் பதிவாகி இருந்தாலும் தலைவலி தீராது. வேலைக்கு ஆள் வைக்காத தனி உரிமையாளர் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே தொழில் செய்யலாம். அவர் கணக்கு வியாபாரக் கணக்கு, எண்ணோ தனி மனிதருடையது. மறுபக்கம், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்திற்கு ஆள் வைக்கும் தாய் வரி கட்டுவதற்காக ஈ.ஐ.என். வாங்குகிறார். அந்த எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் கிளையில் இருப்பவர் என்ன செய்வார்? எண்ணைப் பார்த்ததும் வியாபாரக் கோடைப் போட்டுவிடுவார். ஆயாவுக்குச் சம்பளம் கொடுப்பது குடும்பத் தேவை அல்லாமல் வேறென்ன?

கணக்கின் தலைப்பில் கடைப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது வழி. இதில் எங்களுக்கு வந்த இடைஞ்சல் வேடிக்கையானது. சென்னைக்கு வரும் டேட்டாவில் வாடிக்கையாளர் பெயர், வரி எண் எல்லாம் மறைக்கப்பட்டிருக்கும். அது சரியான நடைமுறைதான். ஆனால் எல்லாப் பெயருமே ஒரே எழுத்தின் வரிசையாக நின்றால் கடைப் பெயரை எங்கே தேடுவது? நாங்கள் இங்கே குவெரி எழுதி அனுப்புவோம். வங்கி ஊழியர் அங்கே ஓட்டிப் பார்த்து எண்ணிக்கையை மட்டும் சொல்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவது போல இருந்தது.

இவ்வளவு சிரமம் எதற்கு, கணக்கில் நடக்கும் வரவு செலவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வங்கியின் விதிமுறைப் பிரிவு அதிகாரி ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டினார். 'தொடங்கப்பட்ட' என்கிறது விதி. தொடங்கியபோது இருந்த முதன்மை நோக்கம்தான் கணக்கு. வீட்டுச் செலவுக்குத் தொடங்கிய கணக்கில் பின்னாளில் ஓர் அம்மாள் கேக் செய்து விற்ற பணம் விழுந்தது என்பதற்காக அந்தக் கணக்கு தன் பாதுகாப்பை இழந்துவிடாது. ஆகவே நல்ல சாட்சி இன்றைய வரவு செலவு அல்ல, அன்று கையெழுத்துப் போட்ட அட்டைதான். அந்த அட்டைகள் ஸ்கேன் செய்த படங்களாக இருந்தன. சில, கைமாறி வந்த கிளைகளோடு காணாமல் போயிருந்தன.

சந்தேகம் வந்தால்?

தவறு எந்தப் பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வியாபாரக் கணக்கை நுகர்வோர் என்று போட்டுவிட்டால் சட்ட மீறல் ஏதும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை மரக்கடையில் சாமான் வாங்க நிற்கும் தச்சருக்குக் கார்டு மறுக்கப்படும். அன்றைய வேலை போச்சு. நுகர்வோர் கணக்கை வியாபாரம் என்று போட்டால் சம்மதம் இல்லாமலேயே கட்டணம் பிடிக்கப்படும். அதோடு முடியாது. கார்டு திருடு போனால் நஷ்டத்திற்கு உச்சவரம்பு, தவறான கழிவைப் பற்றிப் புகார் செய்தால் விசாரணைக்குக் காலக்கெடு என்று ரெகுலேஷன் ஈ தரும் மற்றப் பாதுகாப்புகளும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டும் சமமான தவறுகள் அல்ல. எனவே சந்தேகக் கணக்குகளை நுகர்வோர் என்றே கொள்வது என முடிவானது. தச்சரின் பிரச்சினைக்கு, நான் முன்பு சொன்ன சின்ன வித்தியாசம் உதவியது. பரிசீலனையில் இருக்கும் கணக்குகளுக்கு ஒரு சிறு வரம்பு வரை பணம் கொடுத்துவிடுவது, கட்டணம் மட்டும் பிடிக்காமல் விடுவது. கூடவே எல்லோருக்கும் ஆப்ட்-இன் படிவம் அனுப்புவது. வியாபாரிகளுக்கு அதை அனுப்பக் கூடாது என்று விதி ஏதும் இல்லை.

புதிய டேபிளில் நாங்கள் ஒரு எழுத்தோடு நிறுத்தவில்லை. பக்கத்திலேயே எந்த விதியின்படி இந்த முடிவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று இரண்டு பீல்டுகளைச் சேர்த்தோம். புராடக்ட் கோடால் வந்த முடிவு வேறு, கையெழுத்து அட்டையைப் பார்த்து வந்த முடிவு வேறு. நாளை ஒருவர் போன் செய்து ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

காலி என்றால் இல்லையா?

இரண்டாவது பீல்டுக்கு வருவோம். சம்மதம் தந்தவருக்கு ஒய், மறுத்தவருக்கு என். பதிலே தராதவருக்கு? அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் மொழியில் அதற்கு நல் என்று பெயர்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எம்.எஸ்.அக்சஸ் வைத்திருப்பவர்கள் ஒரு டேபிளில் டெக்ஸ்ட் பீல்டு ஒன்றை உருவாக்குங்கள். எஸ்/நோ வகை பீல்டு வேண்டாம், அதில் நல் மதிப்பு நிற்காது. மூன்று ரெக்கார்டுகளில் ஒய், என், காலி என்று விடுங்கள். இப்போது ஒய் அல்லாதவற்றைக் காட்டு என்று குவெரி கொடுங்கள். இரண்டு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றுதான் வரும். நல் என்பது ஒய்க்குச் சமமும் இல்லை, சமமில்லாததும் இல்லை. தெரியாது என்பதே அதன் பொருள். தெரியாததை வடிகட்டி எடுத்துத் தரும் பொறுப்பை டேட்டாபேஸ் ஏற்றுக் கொள்ளாது. மை எஸ்.கியூ.எல். போன்ற மற்ற டேட்டாபேஸ்களிலும் இதே கதைதான்.

'ஒய் இல்லாதவர்களுக்குக் கட்டணத்தை நிறுத்து' என்று ஒருவர் குவெரி எழுதினால், பதில் தராத அத்தனை பேரும் அந்த வலையிலிருந்து நழுவிக் கட்டணம் கட்டுவார்கள். 'ஒய் இருந்தால் மட்டும் கட்டணம் பிடி' என்று எழுதினால் நழுவ வழியில்லை. விதி சொல்வதும் இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான். மௌனம் சம்மதம் என்ற நம்மூர்ப் பழமொழி ரெகுலேஷன் ஈ-யிடம் செல்லாது. கூட்டுக் கணக்கில் ஒருவர் சம்மதித்தால் எல்லோரும் சம்மதித்ததாகப் பொருள். ஒருவர் விலகினாலும் அப்படியே.

இரண்டு புரோகிராம்கள்

கார்டைத் தேய்த்தவுடன் சில நொடிகளில் ஆம், இல்லை என்று சொல்வது ஒரு புரோகிராம். 00 என்று பதில் அனுப்பினால் சரி, 51 என்றால் பணம் போதாது. இரவில் அன்றைய கணக்கை எழுதிக் கட்டணம் பிடிப்பது இன்னொரு புரோகிராம். இரண்டும் அந்த இரு பீல்டுகளையும் படித்தாக வேண்டும்.

முதல் புரோகிராமிலேயே மறுத்துவிட்டால் இரவில் என்ன வேலை என்று தோன்றும். பெட்ரோல் பங்கை நினைத்துப் பாருங்கள். கார்டைச் செருகியதும் எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று பம்புக்குத் தெரியாது. 1 டாலருக்கு மட்டும் அனுமதி கேட்கும் பங்குகள் உண்டு. கணக்கில் 20 டாலர் இருக்கிறது, அனுமதி கிடைத்துவிடும். பிறகு 45 டாலருக்குப் பில் வரும். அனுமதி கொடுத்துவிட்ட வங்கி பணத்தைத் தந்தே ஆக வேண்டும். கணக்கு 25 டாலர் மைனசுக்குப் போகும். ஆனால் சம்மதம் இல்லாதவரிடம் அதற்குக் கட்டணம் பிடிக்க முடியாது. இரவு புரோகிராம் பீல்டைப் பார்க்காமல், மைனஸ் என்றதும் கட்டணத்தைப் போட்டால் அங்கேதான் வம்பு.

ஒரு முறை வாங்குவதா, மாதா மாதம் கழிவதா என்பதை எப்படி அறிவது? கடைக்காரர் அனுப்பும் மெசேஜில் அதற்கென்று குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டை நம்பி நடக்கலாம் என்று விதியின் விளக்கவுரை வங்கிக்குச் சலுகை தருகிறது. இதில் நாங்கள் அதிகம் மெனக்கெடவில்லை.

வகை பிரிப்பதில் ஒரு குழுவையே கோட்டை விட்டால் என்ன விலை என்பதற்கு ரீஜன்ஸ் பேங்க் உதாரணம். சேமிப்புக் கணக்கையோ கடன் வசதியையோ செக்கிங் அக்கவுண்டோடு இணைத்திருந்த வாடிக்கையாளர்களிடம் அந்த வங்கி ஆப்ட்-இன் கேட்கவே இல்லை. இணைத்த இடத்திலும் பணம் தீர்ந்த பிறகு கார்டுச் செலவுக்குக் கட்டணம் பிடித்தது. 2015 ஏப்ரலில் சி.எப்.பி.பி. 75 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்த தொகை அதைப்போலப் பல மடங்கு, குறைந்தது 4 கோடியே 90 லட்சம் டாலர்.

மாறிய கணக்குகள்

எங்கள் விதிகளை ஓட்டியதும் சில கணக்குகள் வியாபாரத்திலிருந்து நுகர்வோராக மாறின. மீட்டிங்கில் ஒரு யோசனை வந்தது. புதிய சாப்ட்வேர் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து புதிய எழுத்து, அதற்கு முன்னால் நடந்ததைப் பழைய சிஸ்டத்தோடு மூடிவிடலாம். டேட்டா மாற்றும் வேலைக்கு அது போதும் என்பதும் உண்மைதான். விதிமுறை அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. மாறிய ஒவ்வொரு கணக்கிலும் கடந்த காலத்தில் ஏ.டி.எம்.முக்கும் ஒரு முறை கார்டுச் செலவுக்கும் பிடிக்கப்பட்ட கட்டணங்களைத் தேதியோடு எடுத்துத் தாருங்கள் என்றார்.

அந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். பெயர்கள் இல்லை, வரி எண்கள் இல்லை. தேதியும் தொகையும் மட்டும். ஒரு கணக்கில் ஒரே நாளில் நான்கு கட்டணம், 140 டாலர். அன்று அவர் வாங்கிய நான்கு பொருள்களையும் கூட்டினால் 40 டாலர்கூட வரவில்லை. அதே கணக்கில் அடுத்த மாதமும் அப்படியே. புரோகிராம் எழுதும்போது நமக்கு இப்படி ஒன்று கண்ணில் படுவது அபூர்வம். வங்கி அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது.

மாறிய கணக்குகளில் சம்மத பீல்டு இயல்பாகவே காலி. அதை ஒய் என்று நிரப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. ஏற்கெனவே நுகர்வோராக இருந்து சம்மதம் தந்தவர்களின் ஒய் மட்டும், தந்த தேதியோடு அப்படியே புதிய டேபிளுக்குப் போனது. சம்மதம் தந்தவர் விலகும் வரை அது செல்லும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு

சில வங்கிகள் பிறகு தாமாகவே இறங்கி வந்தன. கேபிடல் ஒன் 2021 டிசம்பரில் ஓவர்டிராப்ட் கட்டணத்தையே நீக்குவதாக அறிவித்தது. பேங்க் ஆப் அமெரிக்கா 2022 மே மாதம் 35 டாலரை 10 டாலராகக் குறைத்தது. மிகப் பெரிய வங்கிகளுக்குக் கட்டண வரம்பு வைக்க சி.எப்.பி.பி. 2024 டிசம்பரில் வெளியிட்ட விதியை 2025 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றமும் அதிபரும் ரத்து செய்துவிட்டார்கள். ஆப்ட்-இன் விதியை அந்த ரத்து தொடவில்லை.

படிக்கவோ வேலைக்கோ போய்க் கணக்குத் தொடங்கும்போது, கார்டுச் செலவுகளுக்கு ஓவர்டிராப்ட் பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் பணம் இல்லாதபோது கார்டு மறுக்கப்படும், அவ்வளவுதான். வேண்டாம் என்பவருக்கு மற்றச் சேவைகளைக் குறைத்துத் தரவும் விதி இடம் தருவதில்லை. ஏற்கெனவே சம்மதித்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பல வங்கிகளின் இணையப் பக்கத்திலேயே செட்டிங்ஸ் பகுதியில் அதற்கு வசதி இருக்கும்.

சொந்தமாக ஏதாவது செய்து விற்கும் எண்ணம் இருப்பவர்கள், வீட்டுக் கணக்கையும் தொழில் கணக்கையும் முதல் நாளே தனித்தனியாகத் தொடங்குங்கள். நோக்கம் கேட்கும் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அந்தப் படிவத்தின் நகல் ஒன்றையும் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.